திருத்தம் இருந்தால் வியாழன் நண்பகலுக்குள்

மிஸ் ஹெஸ்டர் பிம்லாட் லண்டனில் ஓர் அமைச்சகத்தில் பதினாறு வருடம் கூட்டக் குறிப்பு எழுதினாள். அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு கூட்டத்திலாவது அவள் வாயைத் திறந்ததாக யாருக்கும் நினைவில்லை. தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருவாள். நாட்டின் அணுகுண்டுக் கொள்கையில் பாதிக்குமேல் அவள் கைப்பட வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதபடி செய்வதுதான் அந்த வேலையின் லட்சணம்.

குழுவில் இருந்தவர்கள் பெரிய மனிதர்கள். தலைவர் சர் கத்பர்ட் ஆன்ஸ்லி, புகைக்குழாயை வாயில் வைத்துக்கொண்டே யோசிப்பவர்; யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்பதைப் புகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விமானப்படைக்கு ஏர் மார்ஷல் ஹாப்டன். கடற்படைக்கு அட்மிரல் பென்வில். நிதித்துறைக்கு மிஸ்டர் கிரீவ்ஸ்; சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி. வாரத்துக்கு ஒருமுறை இரண்டரை மணி நேரம் கூடுவார்கள். அதில் முக்கால் மணி ஜன்னலுக்குப் போய்விடும். வானத்தில் பறந்தவருக்குக் காற்றுப் பட்டால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடலில் கிடந்தவருக்குக் காற்றில்லாவிட்டால் மூச்சு முட்டும். திறப்பதா மூடுவதா என்று இரண்டு படைகளும் மோதி ஓய்ந்தபிறகுதான் ரஷ்யாவின் முறை வரும்.

குறிப்பு எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று எழுதக்கூடாது. பெயரே வரக்கூடாது. 'என்று கருதப்பட்டது', 'என்று உணரப்பட்டது', அவ்வளவுதான். வாய்க்கு வந்ததை அப்படியே எழுதினால் நாடு சிரிக்கும். ஆகையால் நிதானமாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ அதை எழுத வேண்டும். திங்களன்று நகல் எல்லாருக்கும் போகும். அடியில் ஒரே வரி: திருத்தம் இருந்தால் வியாழன் நண்பகலுக்குள். அவரவர் சொன்னதை மட்டும் அவரவர் திருத்தலாம். அடுத்தவர் சொன்னதில் கைவைப்பது, அடுத்தவர் கோப்பையில் ஸ்பூனை விட்டுக் கலக்குகிற மாதிரி அநாகரிகம். வியாழன் மணி பன்னிரண்டு அடித்தால் மௌனம் சம்மதம், எழுதினது எழுதினதுதான்.

இதில் ஓர் ஓட்டை இருப்பதை ஹெஸ்டர் வெகு நாள் கழித்துத்தான் கவனித்தாள். யாருமே சொல்லாத ஒரு வாக்கியத்தை யாரும் திருத்த முடியாது.

ஹெஸ்டர் தெற்கு லண்டனில், டூட்டிங்கில், ஒரு வீட்டின் மாடியில் தன் தங்கை ஐவியோடு இருந்தாள். 1940இல் ஜெர்மன்காரன் குண்டு போட்ட ஒரு செப்டம்பர் நாளில், ஹெஸ்டர் அமைச்சகத்தின் நிலவறையில் பத்திரமாக உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அப்போது குடியிருந்த வீடு ஐவியின் மேல் விழுந்தது. மாடிப்படிக்கு அடியில், செங்கல்லுக்கும் மண்ணுக்கும் கீழே பத்தொன்பது மணி நேரம். எடுத்தபோது உயிர் இருந்தது, இடுப்பு சரியாக இல்லை. அதிலிருந்து ஐவிக்குக் கைத்தடி, ஹெஸ்டருக்குக் குற்றவுணர்ச்சி. இனி ஒருமுறை அப்படி வந்தால் நாம் ஒரு நிலவறையிலும் அவள் ஒரு தெருவிலும் இருக்கக்கூடாது என்று ஹெஸ்டர் அன்றைக்கே தனக்குள் முடிவு கட்டிவிட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஐவியிடமும்.

ஐவி அக்காளுக்கு நேரெதிர். வாயை மூட மாட்டாள். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரி மிஸஸ் கிரம்ப், 1957 டிசம்பரில், வெந்நீர் வீணாகிறது என்று குளியலறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வதாக மிரட்டினாள். ஐவி கைத்தடியை ஊன்றி இறங்கிப் போய் அவள் வாசலில் நின்றாள்.

"பூட்டுங்க மிஸஸ் கிரம்ப். தாராளமா பூட்டுங்க. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

"என்ன பண்ணுவ? சொல்லேன் பாப்போம்."

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா? அதான் எனக்கே தெரியாதுங்கறேன்."

மிஸஸ் கிரம்ப் மூன்று நாள் யோசித்தாள். ஐவி நகராட்சிக்கு எழுதுவாளா, பாதிரியாரிடம் போவாளா, கைத்தடியால் ஜன்னல் கண்ணாடியை உடைப்பாளா? யோசிக்க யோசிக்க ஐவியின் பலம் கூடிக்கொண்டே போனது. நான்காம் நாள் சாவி குளியலறைக் கதவிலேயே தொங்கியது, கூடவே புதுச் சோப்பும்.

அதே டிசம்பரில் குழுவுக்கு முன்னால் ஒரு கேள்வி கிடந்தது. எதிரி எவ்வளவு தூரம் வந்தால் குண்டைப் போடுவது? ஏர் மார்ஷல், அவன் காலை எடுத்து வைத்தாலே போட வேண்டும் என்றார். அட்மிரல், கடலுக்கடியில் பொறுமையாக இருந்து கடைசியில் போட வேண்டும் என்றார். மிஸ்டர் கிரீவ்ஸ், எது மலிவோ அது என்றார். பதினோரு கூட்டம் நடந்தது. சர் கத்பர்ட் பதினோரு கூட்டமும் புகைவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும் என்று அமைச்சரிடமிருந்து கடிதம் வந்த அன்று ஜன்னல் சண்டை இரண்டு மணி நேரம் நடந்ததால் குண்டுக்கு நேரமே இல்லை.

திங்கட்கிழமை ஹெஸ்டர் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முடிவு என்ற தலைப்பு இருக்கிறது, அதற்கடியில் எழுத ஒன்றுமில்லை. எழுதாமல் விட்டால் அவள் தலைதான் உருளும். பட்டென்று மிஸஸ் கிரம்ப்பின் சாவி ஞாபகத்துக்கு வந்தது. 'எந்த நிலையில் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டி வரையறுக்காமல் இருப்பதே நமக்குப் பலம் என்று கருதப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிட்டு, வியாழன் வரை சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள்.

வியாழன் பன்னிரண்டு அடித்தது. ஒரு திருத்தமும் இல்லை. பன்னிரண்டரைக்கு சர் கத்பர்ட் அவள் அறைக்கே வந்தார்.

"மிஸ் பிம்லாட், நான் சொன்னதை ரொம்பச் சரியாப் பிடிச்சிருக்கீங்க."

அரைமணி கழித்து ஏர் மார்ஷல் வந்து அதையே சொன்னார். மறுநாள் அட்மிரலும் சொன்னார். மிஸ்டர் கிரீவ்ஸ் வரவில்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்று தாம்தான் முதலில் சுட்டிக்காட்டியதாக மேலிடத்துக்கு எழுதினார்.

பிறகு அந்த வாக்கியம் நடக்க ஆரம்பித்தது. அமைச்சர் பேச்சில் வந்தது. படைக்கல்லூரியில் 'திட்டமிட்ட நிச்சயமின்மை' என்று பெயர் வைத்து இரண்டு வாரம் பாடம் நடத்தினார்கள். அமெரிக்கர்கள் வந்து, இவ்வளவு ஆழமாக யோசித்தது யார் என்று கேட்டார்கள். மூன்று பேர் அடக்கமாகத் தலைகுனிந்தார்கள். மாஸ்கோவில் ஒரு பேராசிரியர் பதினான்கு பக்கம் திட்டி எழுதினார், அதில் இரண்டு வரைபடம் வேறு. ஹெஸ்டர் எல்லாவற்றையும் கத்தரித்துக் கோப்பில் வைத்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை, ரகசியக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் அல்லவா. ஐவிக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னல் ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும், "என்னடி, ஜன்னல் முடிவாச்சா?" என்று கேட்பாள்.

1962 மார்ச்சில் பட்டியல் வந்தது. மேற்கே ஒரு கல்குவாரிக் குன்றின் வயிற்றைக் குடைந்து, போர் வந்தால் அரசாங்கம் போய் உட்கார இடம் தயாராகியிருந்தது. முந்நூறு பேருக்கு இடம். யார் யார் என்று முடிவு செய்வது குழுவின் வேலை. குறிப்பெழுத ஆள் வேண்டுமே, ஹெஸ்டருக்கு ஒரு சீட்டு கிடைத்தது. வெளிர் பச்சை அட்டை, 'ஒரு நபர் மட்டும்' என்று அச்சிட்டிருந்தது. குடும்பத்தினருக்கு இடமில்லை என்பது விதி.

அந்த அட்டையைக் கையில் வாங்கிய ஹெஸ்டர் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். மறுபடியும் அதே கதை. இவள் நிலவறையில், ஐவி தெருவில். அந்த நாட்டைக் காக்கிற கொள்கை யாருடைய வாயிலிருந்து வந்ததோ, அவளுக்கு அந்தக் குன்றில் ஒரு நாற்காலி இல்லை. ஹெஸ்டருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள்; இவள் தட்டச்சு செய்தாள். 'குறிப்பெழுதுபவருக்கு ஓர் உதவியாளர் அவசியம் என்றும், செல்வி ஐ. பிம்லாட் அதற்குத் தகுதியானவர் என்றும் கருதப்பட்டது.'

திங்களன்று நகல் போனது. இது நாட்டுக்காக எழுதினதில்லை, தனக்காக எழுதினது. பிடிபட்டால் வேலை போகும், ஜெயில்கூட வரும். வியாழன் பதினொன்றே முக்காலுக்கு அட்மிரல் பென்வில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். ஹெஸ்டர் எழுந்து நின்றாள்.

அட்மிரல் ஜன்னலைத் திறந்தார், மூடினார். பிறகு, தாம் கூட்டத்தில் சொன்ன ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றார். குன்றுக்குள் காய்கறி வளர்ப்பது குறித்து ஓர் ஆலோசகர் தேவை என்று சொல்லியிருந்தாராம். அப்படிப்பட்டவர் ஒருவர் தம் வீட்டிலேயே இருக்கிறாராம், முப்பது வருடமாக.

விஷயம் இதுதான். யாரும் சொல்லாத வரி ஒன்று நகலில் இருப்பதை நான்கு பேரும் பார்த்துவிட்டார்கள். அடுத்தவர் வரியைத் தொடுவது அநாகரிகம். தன் வரியைச் சேர்ப்பது நாகரிகம். ஏர் மார்ஷல் வானிலை நிபுணர் ஒருவரைத் தாம் கேட்டதாகத் திருத்தம் அனுப்பினார். அது அவர் மாமியார், மழை வருவதற்கு முன் முழங்கால் வலிக்குமாம். சர் கத்பர்டுக்கு ஊட்டச்சத்து அதிகாரி தேவைப்பட்டார். பதினெட்டு வருடமாக அவர் வீட்டில் சமைக்கிறவள். மிஸ்டர் கிரீவ்ஸ் செலவில்லாத காவலர் இருவரைச் சேர்க்கச் சொன்னார், பெயர் காஸ்டர், பொலக்ஸ். இரண்டும் நாய்.

ஹெஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்தாள். சேர்க்கத்தான் வேண்டும், முறை அப்படி. நகல் மற்ற குழுக்களுக்குப் போனது. அங்கேயும் கண்ணுள்ளவர்கள் இருந்தார்கள். கோடை முடிவதற்குள் முந்நூறு ஆயிரத்து நூறானது. பொறியாளர் ஒருவர் அளந்து பார்த்து, மூச்சு விடாமல் நின்றால் ஆயிரத்து நூறு பேருக்கும் இடமுண்டு, விட்டால் முந்நூறுதான் என்று அறிக்கை கொடுத்தார். யாரை நீக்குவது என்று பேசவேண்டுமானால் யார் யாரென்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்தத் தைரியம் எந்தப் படைக்கும் இல்லை. அறிக்கையைக் குறித்துக்கொண்டதாகக் கருதப்பட்டது.

அக்டோபரில் கியூபா நெருக்கடி வந்தது. ரஷ்யா அங்கே கொண்டுபோய் வைத்த ஏவுகணைகளின் படம் பத்திரிகையில்; அமெரிக்கா எடு என்றது, நாளைக்கே போர் என்றார்கள். அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம் மிஸஸ் கிரம்ப்பின் தொலைபேசியில் ஹெஸ்டருக்கு அழைப்பு. ஞாயிறு காலை ஒன்பதுக்குக் கார் வரும், இரண்டு பேரும் தயாராக இருக்கவேண்டும். ஹெஸ்டர் மாடிக்கு ஏறி வந்தாள். ஐவி சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஹெஸ்டர் இரண்டு பச்சை அட்டைகளையும் அவள் முன்னால் வைத்து, ரகசியக் காகிதம் நாசமாய்ப் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சாவியிலிருந்து நாய் வரைக்கும். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த முறை உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை பார் என்ற பெருமை.

ஐவி முழுக்கக் கேட்டாள். சாவிக் கதை வந்தபோது ஒருமுறை சிரித்தாள். பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அது எங்க இருக்கு? மலை மேலயா?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"அடியில. நூறடி ஆழம்."

ஐவி அட்டையை உருளைக்கிழங்குத் தோலோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினாள்.

"ஹெஸ்டர், நான் இருபத்திரண்டு வருஷமா பாதாள ரயில்ல ஏறுனது கிடையாது. பக்கத்துத் தெருவுக்குப் போகணும்னாலும் பஸ்ஸுதான். மாடி வீடுதான் வேணும்னு அடம்புடிச்சேன், இந்த இடுப்போட. ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? மண்ணுக்கு அடியில நான் ஒரு தடவை இருந்துட்டேன். போதும்."

ஹெஸ்டருக்கு பஸ் தெரியும், மாடி தெரியும், ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்ததுதான். ஏழு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாங்கின சீட்டு, தங்கையைத் திரும்பவும் அந்த மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிற சீட்டு என்பது மட்டும் தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

ஐவி அழவிட்டாள். பிறகு கேட்டாள்.

"நீ என்ன பண்ணப் போற?"

பல்வேறு கோணங்களிலும் பரிசீலிக்கவேண்டியுள்ளது என்ற வாக்கியம் ஹெஸ்டரின் நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"போக மாட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப கத்திய எடு. பாதி உருளைக்கிழங்கு இன்னும் உரிக்காம கிடக்கு."

ஞாயிறு காலை ஒன்பதுக்கு டிரைவர் வந்தான், ஆல்ஃப் மட்ஜ் என்று பெயர். வரவில்லை என்று ஹெஸ்டர் சொன்னதும், அப்படியானால் தான் எங்கே போவது என்று விழித்தான். அவனுக்குச் சீட்டு இல்லை. குன்று வாசலில் இறக்கிவிட்டு வண்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டகையில் விடவேண்டும் என்று உத்தரவாம். ஐவி அவனை உட்காரவைத்து டோஸ்டும் ஆரஞ்சு மார்மலேடும் கொடுத்தாள். பதினொரு மணிக்கு மிஸஸ் கிரம்ப் ஏறி வந்தாள். தெருவில் அரசாங்க வண்டி நிற்பதைப் பார்த்து, ஐவி கடைசியில் என்னமோ பண்ணிவிட்டாள் என்று பயந்து வந்தவள். அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். மதியம் நான்கு பேரும் இறைச்சி ரோஸ்ட் சாப்பிட்டு முடித்து, ஆல்ஃப் இரண்டாம் முறை கிரேவி கேட்டுக்கொண்டிருந்தபோது வானொலியில் சொன்னார்கள், ரஷ்யா ஏவுகணைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்று. ஆல்ஃப் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மிஸஸ் கிரம்ப், புட்டிங் கீழே இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனாள். அந்த வீட்டில் அவள் தன் கையால் கொடுத்த முதல் தின்பண்டம் அது.

செவ்வாயன்று குழு கூடியது. ஜன்னலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குன்றிலிருந்து வந்த அறிக்கையை சர் கத்பர்ட் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை சீட்டோடு வந்து சேர்ந்தவர்கள் இருவர். பெயர் காஸ்டர், பொலக்ஸ். இரண்டு பேருக்கும் ஆயிரத்து நூறு பேருக்கான காலை உணவு காத்திருந்தது. மிஸ்டர் கிரீவ்ஸ் கூரையைப் பார்த்தார். நீங்கள் ஏன் போகவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அட்மிரல் மட்டும், தோட்டத்தில் லீக் வெங்காயம் பாதி பிடுங்கினபடி கிடந்தது என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். அதோடு கூட்டம் கலைந்தது.

சர் கத்பர்ட் மட்டும் போகவில்லை. குழாயை வாயிலிருந்து எடுத்தார். அதை எடுத்து ஹெஸ்டர் பார்த்ததே இல்லை.

"என் சமையல்காரி வரமாட்டேன்னுட்டா மிஸ் பிம்லாட். அடுப்புல வாத்து இருக்கு, போட்டுட்டு வரமுடியாதுன்னா. நானும் உக்காந்துட்டேன். நீங்க?"

"போகலை, சர்."

"உங்க உதவியாளர்?"

"என் தங்கை, சர். அவளுக்கு மண்ணுக்கு அடியில இருக்கறது ஆகாது. பழைய விஷயம்."

"முன்னாடியே கேட்டிருக்கலாமே."

"யாரும் கேக்கலை, சர். நானும் கேக்கலை."

சர் கத்பர்ட், இதையெல்லாம் குறிப்பில் எப்படி எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார்.

"எழுதினா யாரும் திருத்தமாட்டாங்க, சர்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஹெஸ்டர் தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகினாள். முடிவு என்ற தலைப்புக்குக் கீழே மூன்று வரி எழுதினாள். குன்றுக்குள் போய்த் தப்பிக்கவேண்டிய போரை நடத்தக்கூடியவர் இந்நாட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே அது வராமல் தடுப்பது ஒன்றே கொள்கை என்று கருதப்பட்டது. சம்பந்தப்பட்டவர்களை முதலிலேயே கேட்டிருக்கவேண்டும் என்றும் கருதப்பட்டது.

அடுத்த வாரம் வியாழன் பன்னிரண்டு அடித்தது. ஒருவரும் திருத்தம் அனுப்பவில்லை. ஹெஸ்டர் குறிப்பைக் கோப்பில் போட்டுக் கட்டிவிட்டு, ஐவிக்குப் பிடித்த அந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.